மீசை விஷயமாக ஒரு புகார்

ரெஃப்ரிக்கு முதலில் தெரிந்தது, மேலுதட்டில் காற்று படுகிறது என்பதுதான்.

காலையில் சவரத்துக்கு முன், அவரைப் பார்த்துக்கொள்ளும் மொட்டை சூடான துண்டை முகத்தில் போர்த்தினால் அவருக்குக் கண் சொருகிவிடும். அன்றும் சொருகியது. விழித்தபோது துண்டு போயிருந்தது, சோப்பு வாசனை இருந்தது, மின்விசிறி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் காற்று இதுவரை போகாத ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூக்கைச் சுளித்துப் பார்த்தார். மூக்கு எழும்பினால் கூடவே கீழே ஒரு கனமும் எழும்புவது வழக்கம். இப்போது மூக்கு மட்டும் தனியாக எழும்பித் தனியாக இறங்கியது.

"மொட்டை, கண்ணாடியை எடுத்துட்டு வாய்யா," என்றார்.

மொட்டை கண்ணாடியைக் கொண்டுவந்து, புதுச் சரக்கைக் காட்டும் கடைக்காரர்போலச் சிரித்த முகத்துடன் பிடித்தார். கண்ணாடிக்குள் ரெஃப்ரியின் கண்களையும் காதுகளையும் வைத்துக்கொண்டு வேறு யாரோ இருந்தார். யார் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் மாதிரி இருந்தார்.

சூப் ஒட்டுகிறது, பால் ஒட்டுகிறது, துடைத்து மாளவில்லை, இப்போது பாருங்கள், முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று மொட்டை விளக்கினார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. முகத்திலும் கிடையாது. முடி என்பது துடைக்க வேண்டிய ஒரு பொருள் என்பதே அவருடைய அபிப்பிராயம்.

ரெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டார். அவரால் அப்போது செய்யக்கூடிய கோபமான காரியம் அது ஒன்றுதான்.

அவர் வாழ்நாளில் பாதியைக் கால்பந்து மைதானத்தில் நடுவராக விசிலோடு கழித்தவர். அந்த மீசை மைதானத்தில் பேர்போனது. அதன் வலது முனை துடித்தால் மஞ்சள் அட்டை, இரண்டு முனையும் துடித்தால் சிவப்பு அட்டை என்று ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்ப்பதற்குப் பதில் மீசையைப் பார்த்துக்கொண்டு ஆடினார்கள். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் போய்விடுவார். இரண்டு அலுவலகங்களின் ஊழியர்கள் ஆடிய ஒரு நட்பு ஆட்டத்தில், பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தபோது, நல்ல கனமான காசாளர் ஒருவர் பந்தைத் தவறவிட்டு அவர்மேல் விழுந்தார். கழுத்தெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் அவர் கேட்டது, ஃப்ரீ கிக் கொடுத்தார்களா என்பதுதான்.

கழுத்துக்குக் கீழே அதன் பிறகு எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கை கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டுக்கொடுத்தாள். அவளும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் ஆபீசில் சொல்லி வைத்ததில், முதலில் வேறோர் ஆள் வந்து போன பிறகு, மொட்டை வந்தார். வந்த அன்றே, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நீங்களும் மொட்டை என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பெரியவர். ரெஃப்ரியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, தலையணை உறை மாற்றுகிற லாகவத்தில் மாற்றுவார். பேச்சும் கலகலப்புதான். ஒரே குறை, எதையும் கேட்டுச் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஜன்னலை மூட வேண்டும் என்று தோன்றினால் மூடுவார். வானொலியில் செய்தி பாதியில் இருக்கும்போது பாட்டுக்கு மாற்றுவார். ரெஃப்ரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மீசையில் வந்து அந்தப் பொறுமை முடிந்தது.

"ஆபீசுக்கு போன் போடு," என்றார்.

"எதுக்கு சார்?"

"உன்மேல புகார் குடுக்கணும்."

மொட்டை சற்று யோசித்தார். வேறு யாருடைய கையும் அந்த வீட்டில் அப்போது இல்லை. எண்ணைத் தட்டினார், மணி அடித்ததும் போனை ரெஃப்ரியின் காதில் வைத்தார்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல், நோயாளிக்கு என்ன பிரச்சினை என்று கேட்டது. நோயாளி பேசுகிறேன் என்றார் ரெஃப்ரி. அந்தப் பெண்ணுக்கு அது பிடிபடவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள் என்றாள்.

"பக்கத்துல இருக்கிறவர் மேலதாம்மா புகாரே."

"பரவாயில்ல சார், அவர்கிட்டயே குடுங்க."

"எப்படிக் குடுக்கிறது? அவர்தான் போனைப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

ரெஃப்ரி விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். புகார் சூடு பிடிக்கப் பிடிக்க, மொட்டையின் கை தன்னையறியாமல் விலகிக்கொண்டே போயிற்று. 'கிட்ட வைய்யா' என்று நடுநடுவே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் அதையும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, எதைக் கிட்ட வைக்க வேண்டும் என்று கேட்டாள். என் அனுமதி இல்லாமல் என்று ரெஃப்ரி சொன்ன இடத்தில் மொட்டை குறுக்கிட்டு, "தூங்கிட்டிருந்தீங்கன்னும் சொல்லிடுங்க சார், அதுவும் முக்கியம்," என்றார். அது நியாயம் என்று பட்டதால் ரெஃப்ரி அதையும் சேர்த்துச் சொன்னார்.

முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், புகாரைக் குடும்பப் பொறுப்பாளர்தான் கொடுக்க முடியும், உங்கள் தங்கையைப் பேசச் சொல்லுங்கள் என்றாள்.

"மீசை என் தங்கைக்கு இல்லம்மா, எனக்குத்தான் இருந்தது," என்றார் ரெஃப்ரி. அதற்குள் லைன் போய்விட்டது.

சாயங்காலம் தங்கை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணனைப் பார்த்துவிட்டு, பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாய் என்றாள். அவள் கணவர், "ஆமா மச்சான், சின்னப் பையன் கணக்கா இருக்கீங்க," என்று ஒத்து ஊதினார். அந்த வீட்டில் மனைவி பாராட்டியதைப் பாராட்டாமல் அவர் இருந்தது கிடையாது. ரெஃப்ரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மீசை இல்லாமல் அதைச் செய்வது கஷ்டமாக இருந்தது. யாருக்கும் அது கோபம் என்று தெரியவில்லை. வயிறு சரியில்லையா என்று தங்கை மொட்டையிடம் கேட்டாள்.

கடைசியில் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. புகார் கொடுக்க வேண்டும், அதற்கு நீ பேச வேண்டும் என்றார். தங்கை கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அவரைத் திட்டாதே அண்ணா. நான்தான் சொன்னேன். சூப் ஒட்டுது, எடுத்துட்டா சுத்தமா இருக்கும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லுவேன். அதுக்குத்தானேம்மா கேக்கிறது?"

பதில் வராதபோது எல்லாருக்கும் வருவது அவளுக்கும் வந்தது. காலையில் எழுந்ததிலிருந்து உனக்காகத்தானே ஓடுகிறேன், ஒரு மயிருக்காக என்னைக் குற்றவாளி ஆக்குகிறாயே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் சத்தமாக ஒன்றோடொன்று பேசின.

ரெஃப்ரிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தங்கை ஓடுவது உண்மை. கட்டிலில் படுத்தபடி அவள் ஓடுவதைப் பார்க்கிற வேலை ஒன்றுதான் அவருக்கு இருந்தது. ஆனால் நன்றி வேறு, மீசை வேறு. கழுத்துக்குக் கீழே இருக்கிற அத்தனையையும் மற்றவர் கையில் விட்டாயிற்று. எப்போது குளிப்பது, எப்போது மலம் கழிப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, எல்லாம் யாரோ சொல்கிறபடி. கழுத்துக்கு மேலே மிஞ்சியிருப்பதில் தொட்டால் தெரிகிறது, அசைத்தால் அசைகிறது. அதில் ஒரு பங்கை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வயது குறைந்துவிட்டது என்றால் எப்படி?

அந்த வாரம் முழுவதும் அவர் ஆபீசுக்கு போன் செய்தார். அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்டியது மொட்டைதான். கொஞ்ச நாளில் மொட்டைக்கே இதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கு இன்னும் போடலியே சார்," என்று அவரே ஞாபகப்படுத்தினார். போன் எடுக்கிற பெண், மணி அடித்தாலே, மீசையா என்று கேட்க ஆரம்பித்தாள். இறுதியில் விட்டால் போதும் என்று, மேற்பார்வையாளர் அம்மாவை நேரில் அனுப்புவதாகச் சொன்னாள்.

வருகிறவர்கள் தன்னிடம் பேச மாட்டார்கள், தன் தலைக்கு மேலே பேசுவார்கள் என்பது ரெஃப்ரிக்குத் தெரியும். டாக்டரிலிருந்து விருந்தாளி வரைக்கும் அப்படித்தான். அவரும் கத்திப் பார்த்திருக்கிறார். கத்தினால், பாவம், டென்ஷன் ஆகிறார் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு தலைக்கு மேலேயே தொடர்வார்கள். அலமாரியில் இருக்கும் என் விசிலை எடு என்று மொட்டையிடம் சொன்னார். அதை வாயிலேயே வைத்திருந்தால் பேச முடியாது. மொட்டை மேஜை விளக்கைக் கொண்டுவந்து, வளைகிற அதன் கழுத்தில் விசிலைக் கட்டி, தலையைக் கொஞ்சம் நீட்டினால் உதட்டுக்கு எட்டுகிற மாதிரி நிறுத்திக்கொடுத்தார். தன்மேல் நடக்கப்போகும் விசாரணைக்கு இவ்வளவு சிரத்தையோடு ஏற்பாடு செய்தவரை ரெஃப்ரி அதற்கு முன் பார்த்ததில்லை.

"அட்டையும் இருக்கு," என்றார் ரெஃப்ரி. "மஞ்சள். நான் கண்ணால காட்டுற ஆளுக்கு நீ தூக்கிக் காட்டணும்."

"எனக்கே காட்டச் சொன்னா?"

"காட்டணும்."

மேற்பார்வையாளர் அம்மா ஒரு டேப்லெட்டோடு வந்தார். நல்ல மனுஷிதான், களைத்துப் போயிருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் தங்கையும் கணவரும், நடுவில் வலை கட்டினாற்போல ரெஃப்ரி. அம்மா தங்கையைப் பார்த்து, "இவர் நல்லாத் தூங்குறாரா?" என்றார்.

விசில் அடித்தது.

அறையில் இருந்தவர்களின் உயிர் ஒரு கணம் போய்த் திரும்பியது. தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் போட்டுவிட்டார்.

"என்னைக் கேளுங்கம்மா. நல்லாத் தூங்குறேன்," என்றார் ரெஃப்ரி.

அம்மா டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் மறுபடியும் தங்கை பக்கம் திரும்பி, இவருக்கு அடிக்கடி கோபம் வருமா என்று கேட்டார். விசில். தங்கையின் கணவர் சமாதானமாக, "மச்சானுக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்," என்றார். விசில். ரெஃப்ரி கண்ணைக் காட்டினார். மொட்டை மஞ்சள் அட்டையை எடுத்து, கையை முழுவதும் உயர்த்தி, வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே காட்டினார். மொட்டையால் அதில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

ரெஃப்ரி நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். சொல்லிவிட்டு மொட்டையைக் கண்ணால் காட்டினார். மொட்டை அட்டையை எடுத்து, கையை நீட்டித் தன் முகத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல அடக்கினார். அதன் பிறகு அவர் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு, ரெஃப்ரியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"சரி சார். ஆளை மாத்திடறோம். நாளைக்கே வேற ஆள் வருவார்."

மொட்டையின் கையிலிருந்த அட்டை கீழே இறங்கியது. தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றார் ரெஃப்ரி. "இவர் தூக்கும்போது எனக்குப் பயம் இல்ல. முன்னாடி வந்த ஆள் ஒருதடவை என்னைப் பாதியில விட்டுட்டார். இவர் போக வேண்டாம். என்னைத் தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும். நான் வேண்டாம்னா விடணும். அவ்வளவுதான் புகார்."

அம்மா டேப்லெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். அதில் ஆள் மாற்றம் என்று ஒரு பொத்தானும், புகார் வாபஸ் என்று ஒரு பொத்தானும்தான் இருந்தன. ஆள் இருக்கட்டும், புகாரும் இருக்கட்டும் என்று சொல்கிற ஒருவரை அந்தக் கருவி எதிர்பார்க்கவில்லை. நானே ஆபீசில் பேசிக்கொள்கிறேன், இனிமேல் இவர் விஷயத்தை இவரிடமே கேட்கச் சொல்கிறேன் என்று அதை மூடி வைத்தார்.

"இன்னொண்ணு," என்றார் ரெஃப்ரி. "மொட்டை, உனக்கும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. அம்மா இருக்காங்க."

மொட்டை கூச்சப்பட்டார். ஒன்றுமில்லை என்றார். பிறகு, ஒன்றுமில்லை, சாப்பிட மட்டும் உட்கார ஒரு இடம் இருந்தால் நன்றாக இருக்கும், அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்றார். பிறகு, வார லீவு வந்தே வெகுநாள் ஆகிறது என்றார். பிறகு மூடி திறந்துகொண்டது. காரைக் கழுவச் சொல்கிறார்கள், மாடித் தண்ணீர்த் தொட்டியை வழிக்கச் சொல்கிறார்கள், நான் சாரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள்தானே என்று கேட்டார். தங்கையின் கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். ரெஃப்ரியின் கண் அவர் மேல் போயிற்று. மொட்டை தயங்கித் தயங்கி அட்டையை உயர்த்தினார்.

"மாப்பிள்ளை, இது ரெண்டாவது," என்றார் ரெஃப்ரி.

ரெண்டு மஞ்சளுக்கு அர்த்தம் தெரிந்த மாப்பிள்ளை, தானாகவே எழுந்து சமையலறைக்குப் போய், எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். மொட்டைக்கு உட்கார்ந்து குடிக்க நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த சில நாட்கள் ரெஃப்ரிக்குச் சோதனைக்காலம். மொட்டை கேட்கத் தொடங்கினார். வலது கையை முதலில் துடைக்கட்டுமா, இடது கையா? தலையணையை இப்படி வைக்கட்டுமா, கொஞ்சம் அப்படியா? ஸ்பூனை நேராகக் கொண்டுவரட்டுமா, பக்கவாட்டிலா? கொசு உட்கார்ந்திருக்கிறது சார், அடிக்கட்டுமா? இந்தக் கேள்விக்கு ரெஃப்ரி பதில் யோசிப்பதற்குள் கொசு தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

ஒருநாள் அவரே, உட்காருய்யா, பேசித் தீர்த்துக்கலாம் என்றார். இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கொசுவுக்கு நிரந்தர அனுமதி வழங்கப்பட்டது. தும்மல், இருமல், கண்ணில் விழும் தூசு, இவற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. குளியல், உடை, சாப்பாடு, ஜன்னல், வானொலி, முகம், இவற்றுக்குக் கேட்க வேண்டும். வானொலியில் தனக்கும் கொஞ்சம் பாட்டு வேண்டும் என்று மொட்டை கேட்டார். மத்தியானம் வைத்துக்கொள் என்று ரெஃப்ரி விட்டுக்கொடுத்தார். வார லீவில் வேறோர் ஆள் வந்தார். அவர் தூக்கும்போது ரெஃப்ரிக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதை அவரிடமே சொன்னார், அவரும் மெதுவாகத் தூக்கினார்.

மீசை முளைத்தது. பாதி வெள்ளை. எந்த வடிவத்தில் வெட்டுவது என்று மொட்டை கேட்டபோது, ரெஃப்ரி தங்கையையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். சின்னதாக வைத்துக்கொள் என்று அவள் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, பெரிதாகவே வைக்கச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். சூப்புக்கு அவளே ஒரு ஸ்ட்ரா வாங்கி வந்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தபோது ரெஃப்ரி, வெளியே போக வேண்டும் என்றார். அவருக்குச் சளி பிடித்தால் இருமி வெளியேற்ற பலம் கிடையாது, நெஞ்சில் தங்கிவிடும், ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத் தங்கை சொன்னாள். எனக்கும் அது தெரியும் என்றார் ரெஃப்ரி.

"தெரிஞ்சும் போகணுமா அண்ணா?"

"ரொம்ப நாளாச்சும்மா மழையில போய்."

அவள் வாசலுக்குப் போய்த் தூறலை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மழைக்கோட்டையும் சால்வையையும் குடையையும் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்தாள். எதைப் போடட்டும் என்று மொட்டை கேட்டார். எல்லாவற்றையும் போடு, இல்லையென்றால் அவள் தூங்க மாட்டாள் என்றார் ரெஃப்ரி.

சக்கர நாற்காலி தெருமுனை வரை போயிற்று. குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு வேன் போகும்போது இருவர் மேலும் ஒரே அளவாகச் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனது. ரெஃப்ரி குடையை நகர்த்தச் சொல்லி, முகத்தைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். முனையில் இருந்த டீக்கடைக்காரர் மொட்டையைப் பார்த்து, இவருக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்," என்றார் மொட்டை. "அவரையே கேளுங்க."

"ரெண்டு ஸ்பூன் போடுங்க," என்றார் ரெஃப்ரி. அரை ஸ்பூனுக்கு மேல் கூடாது என்பது மொட்டைக்கு நன்றாகத் தெரியும். அவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு டீயை வாங்கி ஊதி ஆற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் சளி பிடித்துக்கொண்டது. காய்ச்சலும் வந்தது. ஆவி பிடிக்க வைப்பதும், மொட்டை நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்தி இருமச் செய்வதுமாக வீடே திமிலோகப்பட்டது. தங்கை லீவு போட்டுவிட்டு, சொன்னேனா இல்லையா என்று வாய் ஓயாமல் திட்டினாள். அந்தத் திட்டு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார். போனதற்கு வருத்தமா என்று அவள் கேட்டதற்கு மட்டும் இல்லை என்றார். தும்மலுக்கு நடுவே அவர் முகம் என்னவோ கோப்பை வாங்கிய அணித்தலைவர் முகம் மாதிரிதான் இருந்தது.

டாக்டர் வந்தார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, மருந்தில் சரியாகிவிடும் என்றார். பிறகு நிமிர்ந்து, தங்கையைப் பார்த்துக் கண்டிப்பான குரலில், "இவர் இருக்கிற நிலைமையில மழையில எப்படிம்மா விட்டீங்க?" என்று கேட்டார்.

ஆவி பிடித்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"நான் எங்க டாக்டர் விட்டேன்? அவர் போனார்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொட்டையைப் பார்த்தார். மொட்டை கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் டாக்டர் நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.